கடைசி மரை

சசிதர் முன் பிரேக் பிடியை இழுத்தான். அது எதிர்ப்பே இல்லாமல் வந்து கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது.

நேற்றுக் காலை சிங்காநல்லூர் மில்லுக்கு இதே பைக்கில் போன அப்பா வரதராஜுலு, திடீரென்று நின்ற லாரியின் பின்னால் மோதி இறந்துபோனார். பைக்கை மில் ஆட்கள் வாசலில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். உடலைக் கொண்டுவரும் ஆஸ்பத்திரி வேன் இன்னும் வரவில்லை. வாசல் பந்தலில் அம்மாவின் ஒரே அண்ணன் கோபாலசாமி, டீயை உறிஞ்சிக்கொண்டே வருகிறவர்களிடமெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"முன் பிரேக்கப் புடிச்சிருப்பாருங்க. அது ஆளைத் தூக்கி எறிஞ்சுபோடும். பின் பிரேக்கே போதும்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனுங்க."

இது மூன்றாவது தடவை. அந்த உறிஞ்சல் சத்தமே சசிதருக்கு அருவருப்பாக இருந்தது.

முன்சக்கரத்தருகே குந்திப் பார்த்தான். கேபிள் அறுந்திருக்கவில்லை. பிரேக் கட்டை போன மாதம்தான் மாற்றியது. கேபிள் நுனியிலிருந்த நட் மட்டும் கடைசி மரை வரைக்கும், கழன்று விழாத குறையாக, தளர்த்தப்பட்டிருந்தது. அதன்மேல் ஸ்பானர் பட்ட தடம் புதிதாக இருந்தது.

"இத ஆருங்க மாமா லூஸ் பண்ணுனது?"

"நாந்தான் கண்ணு, முந்தாநேத்து ஞாயித்துக்கெழம. உங்கப்பா சொன்னாக் கேக்க மாட்டாரு, அதான் சொல்லாமயே கழட்டி உட்டேன். என் வண்டிலயும் அப்படித்தான் வெச்சிருக்கறேன். அப்படியும் அதையே புடிச்சிருக்கறாரு பாரு!"

சொல்லிவிட்டு இன்னொரு டம்ளர் டீ கேட்டார். சசிதருக்கு உண்மை வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அம்மா லட்சுமியம்மாள் வெளியே வந்து அண்ணன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கு இனி நீங்கதானுங்கண்ணா."

சசிதர் வார்த்தையை விழுங்கினான்.

"மயானத்துல வெறகு எறக்கிட்டாங்களான்னு பாத்துட்டு வாரேன்" என்று மாமா எழுந்தார்.

போகட்டும், அந்தப் பிரேக்கோடேயே போகட்டும் என்று சசிதர் ஒரு கணம் நினைத்தான். அப்படி நினைத்த தன்மேலும் அருவருப்பு வந்தது. மாமாமேல் வந்ததைவிடக் குறைவுதான். ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் மாமாவின் பைக் முன் குந்தி நட்டை முறுக்கினான்.

"ஏங்கண்ணு, அத எதுக்கு முறுக்கற? ஆளைக் கொன்னுபோடும்."

"இருக்கட்டுங்க மாமா. ரெண்டையும் சேத்துப் புடிங்க."

முகத்தைப் பார்க்காமல் சொன்னான். மாமா உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கிளம்பினார்.

அவர் தெருமுனையை எட்டியபோது ஆஸ்பத்திரி வேன் வேகமாக உள்ளே திரும்பியது. மாமாவின் பைக் முன் பிரேக் பிடித்து முன்பக்கம் தாழ்ந்து, மோதாமல் வேனுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

பந்தலில் அழுகை கிளம்பியது. அப்பாவை இறக்க எல்லோரும் ஓடினார்கள். சசிதர் ஸ்பானரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.