எனக்காகச் செய்த மேசை

"அப்பாவுக்குச் சேர வேண்டிய மீதிப் பணத்த இன்னைக்குக் குடுத்துடுங்க சார்."

சொல்லிவிட்டேன். சொல்லவே கூடாது என்று வீட்டில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியதை, உள்ளே வந்து உட்கார்ந்த சூட்டிலேயே சொல்லிவிட்டேன். சார் பேசினால் தலையாட்டு, சிரித்தால் சிரி, பணம் என்ற பேச்சை மட்டும் எடுக்காதே என்று காலையில் தலை பின்னும்போதே அம்மா ஆரம்பித்திருந்தாள். ஊரான் வீட்டுக் கதவுக்கெல்லாம் பூட்டு மாட்டுகிற உன் அப்பாவால் உன் வாய்க்கு ஒரு பூட்டு மாட்ட முடியவில்லையே என்று அலுத்துக்கொண்டாள்.

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பின்னால் அலமாரியின் முன் குந்தி உட்கார்ந்து கீலைத் திருகிக்கொண்டிருந்த அப்பாவின் கை அப்படியே நின்றது.

அந்த அலுவலகத்தின் மர வேலை முழுக்க அப்பாவுடையது. அலமாரி, ஃபைல் அடுக்குகள், வாசலில் உள்ள வரவேற்பு மேசை, எல்லாம். அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்திலும் வேலை முடிந்த பிறகு ஒரே ஒரு கைப்பிடியை மட்டும் மாட்டாமல் பைக்குள் போட்டுக்கொள்வார். மீதி கைக்கு வந்ததும் அதை மாட்டிவிட்டு வருவார். வாய் திறந்து காசு கேட்கத் தெரியாத மனிதர் கண்டுபிடித்த வழி அது. கைப்பிடி இல்லாத கதவைத் தினமும் நகத்தால் நெம்பித் திறக்கிற எரிச்சலில் எப்பேர்ப்பட்ட கஞ்சனும் பணத்தை எடுத்து வைத்துவிடுவான்.

இங்கே மட்டும் அப்படிச் செய்யவில்லை. காரணம் நான்தான். நான் பி.காம். முடித்திருந்தேன். அப்பா பக்கத்திலும் அம்மா பக்கத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். உங்கள் பெண்ணை இங்கேயே உட்காரவைத்துவிடலாம் என்று ஆடிட்டர் ஒரு வார்த்தை போட்டார். அவ்வளவுதான், அப்பா எல்லாக் கைப்பிடிகளையும் மாட்டிவிட்டார். போதாததற்கு, பிளைவுட் கடையில் கடன் சொல்லி, ஜன்னலோரத்தில் யாரும் கேட்காத ஒரு மேசையையும் செய்து போட்டார். என்னை வீட்டில் நாற்காலியில் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்கைவரை டேப் பிடித்து அளந்தார். எதற்கு என்று கேட்டேன். சிரித்தார்.

அதற்குப் பிறகு பணமும் வரவில்லை, வேலையும் வரவில்லை. அப்பா கேட்கப் போவார், கேட்காமல் வருவார். சும்மா போனால் கடன் கேட்டு வந்த மாதிரி இருக்குமாம், வேலைப்பையைத் தூக்கிக்கொண்டுதான் போவார். ஆடிட்டரும் பையைப் பார்த்ததும் இழுக்க வராத டிராயரைக் காட்டுவார், கிறீச்சிடும் கதவைக் காட்டுவார். அப்பா அதைச் சரி செய்து கொடுத்துவிட்டுத் திரும்புவார். பிளைவுட் கடைக்காரர் இப்போது ஒரு பலகைகூடக் கடனுக்குத் தருவதில்லை. கட்டிலுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போகிறார். இந்த நிலையில்தான் ஆடிட்டர் என்னையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்.

"பொண்ணு நல்லாப் பேசுது," என்றார் ஆடிட்டர். அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

சின்னப் பெண், படித்த திமிர், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அப்பா தரையைப் பார்த்துச் சிரித்தார்.

ஆடிட்டர் டிராயரிலிருந்து என் சர்ட்டிஃபிகேட் ஃபைலை எடுத்து மேசைமேல் வைத்தார். வேலை நிச்சயம் என்று நம்பி அப்பா எப்போதோ கொண்டுபோய்க் கொடுத்தது. ஜன்னலோர மேசையைக் கை காட்டி, அதுதான் உன் இடம் என்றார். அதன்மேல் பழைய பில் கட்டுகளும் ஓடாத ஒரு ஃபேனும் கிடந்தன. நாளைக்கே சேர்ந்துவிடலாமாம். முதல் ஆறு மாதம் பயிற்சி என்பதால் சம்பளம் கிடையாதாம். வெளியே இந்தப் பயிற்சிக்கு ஆட்கள் பணம் கட்டிச் சேருகிறார்களாம். நம் வீட்டுப் பெண்ணிடம் போய் அதை வாங்க முடியுமா என்று அவரே கேட்டுக்கொண்டார்.

"அந்த மீதியும் இந்த ட்ரெயினிங்கும் சரியாப் போச்சுன்னு வெச்சுக்கலாம். என்ன மேஸ்திரி?"

அப்பாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அப்பா முகத்தில் வந்தது நிம்மதி. எத்தனையோ நாளாக நான் பார்க்காத நிம்மதி.

"சரிங்க சார். புள்ள உட்கார்ந்தாப் போதும்."

அப்பா உழைத்ததையும் நான் உழைக்கப்போவதையும் அந்த ஆள் ஒரே வாயில் விழுங்குகிறார், விக்காமல் இருக்க அப்பா தண்ணீர் மொண்டு கொடுக்கிறார்.

"அப்பா கூலிய அப்பா கையில குடுங்க. அதுக்குள்ள என்னச் சேர்க்காதீங்க. எனக்கு இந்த வேலை வேண்டாம்," என்றேன்.

ஆடிட்டர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடத் தேவலை. வேலையே சுத்தமில்லை, கதவெல்லாம் தொங்குகிறது, அதனால்தானே உன் அப்பா வாரத்துக்கு நாலு தடவை வந்து ரிப்பேர் பார்க்கிறார் என்றார். வேறு ஆளைக் கூப்பிட்டுக் காட்டினால் அப்பாதான் தனக்குப் பணம் தர வேண்டியிருக்கும் என்றார். கேட்கிறவர்களிடம் அப்படியே சொல்லவும் செய்வாராம்.

அப்பா முட்டியில் கை ஊன்றி எழுந்து என் பக்கத்தில் வந்தார். அவர் சட்டையில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

"சார்கிட்ட மன்னிப்புக் கேளு பாப்பா," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "எனக்காகக் கேளு."

அவருக்காக வேறு எதைச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன். பிளைவுட் கடையில் பலகை தூக்கச் சொல்லியிருந்தால் தூக்கியிருப்பேன். ஆனால் "சரிங்க சார்" என்று அவர் சொன்ன அந்த நொடியிலேயே எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது. இந்த ஆள் முன்னால் நான் இனி உட்காரப் போவதில்லை.

ஃபைலை எடுத்துக்கொண்டேன். ஆடிட்டர் தடுக்கவில்லை. கதவைத் திறந்தபோது பின்னால் அப்பா குரல் கேட்டது.

"அவ கெடக்கா சார். நான் அந்தக் கீல முடிச்சுக் குடுத்துட்டே போறேன்."

வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் நிற்காமல் படியிறங்கினேன். மகள் ஆடிட்டர் ஆபீசில் உட்காரப்போகிறாள் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அப்பா வந்து சேர்வதற்குள் நானே போய் அவளிடம் சொல்லிவிட வேண்டும்.