பட்டிக்கு அடியில்

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் இன்ஸ்பெக்டர் அந்தப் பழைய ஜீப்பின் முன்சக்கரத்தருகே குனிந்து, சேசிஸ் சட்டத்தின் மேல் வெள்ளைக் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். காகிதம் கறுத்ததே தவிர, சட்டத்தில் வெட்டியிருக்க வேண்டிய சேசிஸ் நம்பரில் ஓர் எண்கூட எழும்பவில்லை. கொஞ்சம் தள்ளி வைத்துத் தேய்த்தார். அங்கும் அதே கதைதான். நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"நம்பர் எங்கம்மா?"

ஜீப்காரி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். மேட்டுக் குடியிருப்பில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் ஜீப்காரிதான், அவன் பெயின்டர். பெயின்டர் பேந்தப் பேந்த விழித்தான்.

"குழி குழியா இருந்துச்சு. துருன்னு நெனச்சு பட்டி வெச்சு அடைச்சிட்டேன்."

கரடுமுரடாக எதைக் கண்டாலும் அவனுக்குக் கை அரிக்கும். சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டை மறுநாள் பார்த்தால் இருக்காது. ஆனாலும் வண்டியின் அடிவயிற்றுக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, கண்ணாடி மாதிரி பெயின்ட் அடிக்கிறவன் உலகத்தில் வேறு எவனாவது உண்டா? அடித்து முடித்த அன்று கூப்பிட்டுக் காட்டினான். அவளும் சட்டத்தைத் தடவிப் பார்த்து, "என்னமா வழவழன்னு இருக்கு" என்று மெச்சினாள். அதை நினைக்க இப்போது அவளுக்கே பற்றிக்கொண்டு வந்தது.

கான்ட்ராக்டரிடம் வண்டி ஓட்டிய காலமெல்லாம் அவளுக்கு 'ஏய்' என்பதுதான் பெயர். ஒருநாள் சாவியை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தவள், காயலான் கடை வாசலில் கிடந்த இந்த ஜீப்பை, அதன் பழைய பதிவுப் புத்தகத்தோடு வாங்கினாள். பஸ் ஏறாத மேட்டுக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றப்போவதாகச் சொன்னபோது கேட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இன்ஜின் மாற்ற அனுமதி, கூரை மாற்ற அனுமதி, பிரேக் சோதனைச் சான்று என்று செருப்புத் தேய நடந்து ஒவ்வொன்றாக வாங்கினாள். மிச்சம் இந்தப் பரிசோதனை ஒன்றுதான். பதிவைப் புதுப்பிக்கக் கொடுத்த கெடு இன்றோடு முடிகிறது. தவறினால் பதிவு ரத்து. பிறகு ஜீப் காயலான் கடைக்குப் போகும், அவள் கான்ட்ராக்டர் வாசலுக்குப் போகவேண்டும்.

"நம்பர் இல்லாத வண்டி வண்டியே இல்லம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "எங்களுக்கு அது வெறும் இரும்பு."

"இரும்பா சார் மேட்டுலேருந்து இறங்கி இவ்வளவு தூரம் ஓடி வந்துச்சு?"

அவர் அடுத்த வண்டியைக் கையசைத்துக் கூப்பிட்டார். அதற்குள் வாசலில் நின்ற ஏஜென்ட் மூக்கில் வேர்த்தாற்போல வந்து சேர்ந்தான்.

"விடுக்கா. பக்கத்துல புதுசா அதே நம்பரை வெட்டிரலாம். நம்ம பையன் அச்சு அசலா வெட்டுவான்."

பெயின்டர் ஆசையோடு அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு கணம் அவளுக்கும் சபலம் தட்டியது, இல்லை என்று சொல்ல முடியாது.

"திருட்டு வண்டிக்குத்தாண்டா நம்பர் வெட்டுவாங்க. என் வண்டி நம்பர் என் வண்டியிலயே இருக்கு," என்றாள். "ஏங்க, அந்த உப்புத்தாளை எடுங்க."

"இங்கயா?"

"இங்கதான். அடைச்ச கைதானே? தேய்ங்க."

இருவரும் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். பின்னால் வரிசையில் ஹாரன் காதைக் கிழித்தது. காவலாளி வந்து வண்டியை எடுக்கச் சொன்னான். "வண்டியா? உங்க சார் இரும்புன்னுல்ல சொன்னாரு. இரும்பு எப்படி நகரும்?" என்றாள் தலையைத் தூக்காமலே. அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டான். கறுப்புப் பெயின்ட் போனது, சாம்பல் நிறப் பட்டி மாவாக உதிர்ந்து அவள் புடவையெல்லாம் படிந்தது. விரல் நுனி எரிந்தது. பெயின்டர் தன் வேலையைத் தானே அழிக்கிற துக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தேய்த்தான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

முதலில் ஒரு வளைவு தெரிந்தது. அவன் ஊசியால் கிளற, அது மூன்றாக மாறியது. பிறகு ஒரு ஏழு. லாரிக்காரர் ஒருவர் ஹாரனை விட்டுவிட்டு இறங்கி வந்து டார்ச் அடித்தார். கடைசி எண்ணை மட்டும் உண்மையிலேயே துரு தின்றிருந்தது. ஒன்றா ஏழா என்று மூவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். பதிவுப் புத்தகம் ஒன்று என்றது.

"சார்," என்று கூப்பிட்டாள். அவர் காது கேளாதவர் மாதிரி நின்றார். "சார், கூப்பிடுறது உங்களைத்தான். இரும்பு பேசுது, வந்து கேளுங்க."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்தார். இடுக்கில் குனிந்து பார்த்தார், சரியாகத் தெரியவில்லை. இஸ்திரி போட்ட கால்சட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, பட்டித் தூள் சிதறிய சாக்கின் மேல் முழங்காலை ஊன்றினார். ஜீப்காரி புதுக் காகிதத்தை வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பென்சில் நகர நகர எண்கள் வெள்ளையாக எழும்பின. துரு தின்ற கடைசி எண்ணின் ஓரத்துக்கு வந்ததும் பென்சில் நின்றது. அவர் அவளைப் பார்த்தார்.

"தேய்ங்க சார்," என்றாள், காகிதத்தை விடாமல்.