குறை பார்க்க வந்தவர்

கையுறையைக் கழற்றிவிட்டு வெண்டல் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. பொங்கி வந்த சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடாமல் இருக்க லேசாக இருமி வைத்தார்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதல் நாளே போன் போட்டுச் சொல்லிவிடுவது வழக்கம், நாங்கள் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள் என்று. குளிர்ந்து கிடக்கிற எஞ்சின்தான் உண்மையைப் பேசும். எந்த மூட்டு வலிக்கிறது என்பது மனுஷனுக்கும் காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போதுதானே தெரிகிறது! வண்டியை விற்கிற கேலன் ட்வெய்ட்டிடம் வெண்டல் தெளிவாகச் சொல்லியிருந்தார். கிழவரும் சரி சரி என்றிருந்தார். இப்போது பானெட் சூடாக இருக்கிறது. அப்படியானால் எதையோ மறைக்கிறார்.

வண்டியை வாங்கப் போவது வெண்டல் இல்லை. நான்கடி தள்ளி, கோட்டுப் பைகளுக்குள் கைகளை விட்டுக்கொண்டு நின்றிருந்த மார்லிஸ். மூன்று வருஷத்துக்கு முன்புவரை வெண்டலின் மனைவி. பெரிய சண்டை எதுவும் நடந்து பிரியவில்லை. மாவட்டத்தின் பள்ளிப் பேருந்துகளையெல்லாம் ஓட வைத்துக்கொண்டிருந்தவர், வீட்டில் ஓடாமல் நின்றதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவள் ஒரு கேம்ப்பர் வாங்கினாள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்த, இழுத்துக்கொண்டு போகிற வீடு. பனி விழுவதற்குள் அதை அரிசோனாவுக்கு இழுத்துப் போக வேண்டும். அங்கே சித்தி மகள் இருக்கிறாள். பிடித்துவிட்டால் அங்கேயே இருந்துவிடுவதாக உத்தேசம். வீட்டைக் கேட்டு ஒருவர் வந்து போயிருக்கிறார் என்றும் காதில் விழுந்தது.

கேம்ப்பரை இழுக்கப் பெரிய பிக்கப் வேண்டும். பனிக்காலம் நெருங்கும்போது வடக்கு டகோட்டாவில் அப்படி ஒரு வண்டியை யாரும் விற்க மாட்டார்கள். கேலனுக்குக் கண் மங்கிவிட்டது, மனைவி சாவியைப் பிடுங்கி வைத்துவிட்டாள், அதனால் இது ஒன்று வந்திருக்கிறது. இதுவும் தேறவில்லையென்றால் பனி விழுந்துவிடும், மார்லிஸ் இந்தக் குளிர்காலத்தை ஊரில்தான் கழிக்க வேண்டும். வெண்டலுக்கு வேண்டியது அந்த ஒரு குளிர்காலம். அவள் வீட்டு வாசலில் பனி தள்ளலாம். சர்ச் விருந்தில் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கலாம். கரண்ட் போனால் ஜெனரேட்டரோடு போய் நிற்கலாம். ஒரு குளிர்காலம் கிடைத்தால் மனுஷன் என்னென்னவோ ரிப்பேர் செய்யலாம்.

"ஊர்ல வண்டி பாக்கத் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தான். என்ன பண்றது?" என்றுதான் அவள் போனில் கூப்பிட்டிருந்தாள். வெண்டல் அன்றைக்கே முடி வெட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வண்டி எந்தக் கம்பெனி என்று இங்கே சொல்லப்போவதில்லை. வண்டிக் கம்பெனி விஷயத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்த ஊர் அது; சொன்னால் பாதிப் பேர் இதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

"சூடா இருக்கே, கேலன்?" என்றார் வெண்டல், போலீஸ்காரர் லைசென்ஸ் கேட்கிற குரலில்.

"இருக்காதா பின்னே? ராத்திரி பூரா எஞ்சின் ஹீட்டரைக் கரண்ட்ல சொருகி வச்சிருந்தேன்ல. ஸ்டார்ட் பண்ணலப்பா, நீ சொன்ன மாதிரியே. ஆனா வீட்டுக்கு வந்தவங்க குளிர்ல நின்னு அது இழுத்துட்டுக் கெடக்குறதைக் கேக்கணுமா? நல்லாவா இருக்கும்?"

வண்டியின் மூக்கிலிருந்து ஆரஞ்சு நிற ஒயர் ஒன்று வால் மாதிரி தொங்கி, கொட்டகைச் சுவர்வரை போயிருந்தது. குளிரில் எஞ்சின் விறைத்துப் போகாமல் கரண்டில் சூடாக்கி வைக்கிற அந்த வால் இல்லாத வண்டியே இந்த ஊரில் பனிக்காலத்தில் கிடையாது. வெண்டலின் வண்டிக்கும் உண்டு. கொட்டகைக்குள் நுழையும்போது அந்த ஒயரைத் தாண்டித்தான் வந்திருந்தார்.

"ஆமா," என்றார். "நல்லா இருக்காது."

மார்லிஸ் கொட்டகையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பை அடக்குவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்து காந்தம். துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தைத் தகரத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போனால், பட்டி பூசி மறைத்த இடத்தில் வழுக்கிவிடும். வெண்டல் பின்பக்கம் தொடங்கி, கதவைத் தாண்டி, முன் சக்கரத்தின் மேல்பக்கம் வந்தபோது கேலனே வாயைத் திறந்தார்.

"அங்க ஒட்டாது பாரு. மான் வந்து மோதுச்சு. நம்ம பையன் ஒருத்தன்தான் பட்டி பூசினான், கேக்குக்குக் க்ரீம் தடவுற மாதிரி தடவி வச்சுட்டான். விலையில அதைக் கழிச்சுட்டேன்."

காந்தம் வழுக்கியது.

"அவர் வாயால சொல்றதை நீ காந்தம் வச்சுக் கண்டுபிடிக்கிறே," என்றாள் மார்லிஸ்.

எஞ்சின் ஒரே திருகில் பிடித்துக்கொண்டது. வெண்டல் குனிந்து, தொப்பியைத் தூக்கி, காதைக் கொடுத்துக் கேட்டார். போல்ட் உடைந்து டிக் டிக்கென்று அடிக்கிற சத்தம் எங்கேயாவது வரும் என்று ஏங்கிக் கேட்டார். வரவில்லை. கியர் ஆயில் அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, மூக்கருகே கொண்டுபோனார். சிவப்பாக, சுத்தமாக இருந்தது. கருகல் வாடையே இல்லை.

"என்ன, மூஞ்சி இப்படிப் போகுது? கெட்டுப் போச்சா?" என்றாள் மார்லிஸ்.

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"அதுக்கா இவ்வளவு வருத்தம்?"

தானியக் கிடங்குவரை ஓட்டிப் போய்த் திரும்பினார்கள். மார்லிஸ்தான் ஓட்டினாள். பாதி வழியில் அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கச் சொன்னார், ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று பார்க்க. வண்டி நேராகப் போனது. கையை விட்ட பிறகும் நேராகப் போன வேறெதுவும் வெண்டலின் வாழ்க்கையில் இருந்ததில்லை.

மிச்சம் இருந்தது அடிப்பக்கம். அவருடைய கடைசி நம்பிக்கையும் அங்கேதான் இருந்தது. பனி உருகுவதற்காகப் பனிக்காலம் பூராவும் ரோட்டில் உப்பைக் கொட்டுகிற ஊர் இது. மேலே கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுங்குகிற வண்டிக்கு அடியில் சேஸிஸ் துருவேறிப் பிஸ்கட்டாக இருக்கும், கேம்ப்பரை மாட்டி மலையேறினால் முதுகு முறியும். விற்கிறவர்கள் அந்தத் துருவின் மேல் கறுப்பு பெயிண்டைப் பீய்ச்சி அடித்துக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

கேலன் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் விரித்துக் கொடுத்தார். "நீ பாரு. நான் காபி கொண்டுவரேன்."

"அதெல்லாம் வேண்டாம்."

"ஒரு வாய்தான்."

"சிரமப்படாதீங்க."

"போட்டாச்சுப்பா," என்று கிழவர் வீட்டைப் பார்க்க நடந்தார். இரண்டு தரம் மறுக்காமல் அந்த ஊரில் யாரும் காபி குடித்ததில்லை.

வெண்டல் மல்லாந்து படுத்து, முனகிக்கொண்டே உள்ளே போய் டார்ச்சை அடித்தார். சேஸிஸ் நெடுகக் கறுப்பு, கைவிரல் கனத்துக்கு. மனசு துள்ளியது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். அது பெயிண்ட் இல்லை. எண்ணெயும் புழுதியும் சேர்ந்து இறுகிய பிசுக்கு, அல்வா மாதிரி சுருண்டு வந்தது. பழைய ஆட்கள் செய்கிற வேலை. பனிக்காலத்துக்கு முன்னால் அடியில் எண்ணெயைப் பீய்ச்சி அடித்து, அந்த ஈரத்தோடு மண் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டுவார்கள். புழுதி ஏறி ஒட்டிக்கொண்டு, வண்டிக்குக் கம்பளிச் சட்டை போட்ட மாதிரி ஆகிவிடும். உப்பு உள்ளே போகாது. இவ்வளவு கனம் ஏற வேண்டுமென்றால், வாங்கிய நாளிலிருந்து கேலன் ஒரு வருஷம்கூட விட்டிருக்க மாட்டார்.

சுத்தியலால் தட்டினார். டிங். லூத்தரன் சர்ச் மணிகூட இவ்வளவு சுத்தமாகக் கேட்காது. இன்னும் இரண்டு இடத்தில் தட்டினார். டிங், டிங். பிறகு, சத்தம் வெளியே கேட்டிருக்குமோ என்ற பயத்தில், கீழே விரித்த அட்டையின் மேல் ஒரு தட்டு தட்டினார். அது துருவேறிய இரும்பு மாதிரி பொத்தென்று கேட்டது.

வெளியே வந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கேலன் இன்னும் வரவில்லை. சொந்தக்காரர் முன்னால் வண்டியைக் குறை சொல்வது அங்கே மரியாதை இல்லை. சொல்வதென்றால் இப்போதே சொல்ல வேண்டும்.

"அடியில கறுப்பா அடிச்சு வச்சிருக்கு, மார்லிஸ்," என்றார், குரலைத் தாழ்த்தி. "துருவை மறைக்கத்தான் அப்படி அடிப்பாங்க. பாவம், அவரைச் சொல்லி என்ன... வேண்டாம், விட்டுடு. மார்ச்ல நல்ல வண்டியா நானே தேடித் தரேன்."

மார்லிஸ் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். சுத்தியலைக் கேட்டுக் கையை நீட்டினாள்.

"ஏய், கோட்டு அழுக்காயிடும்."

"நீயும் வந்து படு," என்றாள்.

அட்டை ஒரு ஆளுக்கானது. இரண்டு பேரும் தோள் உரசப் படுத்தார்கள். இவ்வளவு பக்கத்தில் படுத்து வெகுகாலம் ஆகியிருந்தது. பழைய சோப்பைத்தான் இன்னும் போடுகிறாள் என்பது வெண்டலுக்குத் தெரிந்தது. இந்த நேரத்தில் இது தேவையா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"எதைப் பாக்கணும்?"

"உன் மூக்குக்கு நேரா இருக்கே, அதான்."

அவள் ஸ்க்ரூடிரைவரை வாங்கிச் சுரண்டினாள். பிசுக்கு சுருண்டு விழுந்தது. உள்ளே கம்பெனியில் அடித்த பெயிண்ட் டார்ச் வெளிச்சத்தில் பளபளத்தது. சுத்தியலால் தட்டினாள், பலமாக. அந்தச் சத்தம் வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடிப் போய் ஓய்ந்தது.

"இது துருவா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

சொல்வதற்கு நிறைய இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்த வெண்டல், "பனி வரப்போகுது," என்றார்.

அந்த ஊரில் மனுஷர்களைப் பற்றிச் சொல்ல முடியாததையெல்லாம் வானிலையைப் பற்றித்தான் சொல்வார்கள். மார்லிஸும் அங்கேயே பிறந்தவள்.

"வருஷா வருஷம் வருதே," என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"கேம்ப்பரை இழுக்குமா?"

"இழுக்கும்."

"மலைல?"

"ஏறும். எறங்கும்போது கியரைக் குறைச்சு வச்சுக்கோ, பிரேக்கையே நம்பிட்டு எறங்காதே. காத்து அடிச்சா நிறுத்திடு, வீம்பு பண்ணாதே."

"திரும்பி வர்றதுக்கும் தாங்குமா?"

வெண்டல் தலையைத் திருப்பாமல் சேஸிஸையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பினால் அவள் முகம் அரையடி தூரத்தில் இருக்கும்.

"தாங்கும். எத்தனை தடவை வேணும்னாலும்."

"எண்ணெய் அடிக்கணுமே வருஷா வருஷம். அங்க யாரு இருக்கா?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சின்னப் பொய், யாருக்கும் தெரியாது. ஆனால் முப்பது வருஷத்துக்கும் மேல் பிள்ளைகள் ஏறுகிற பேருந்துகளைப் பழுது பார்த்தவர். ஒரு வண்டியைப் பற்றி ஒரு நாளைக்கு ஒரு பொய்க்கு மேல் அவருக்கு வராது.

"அங்க ரோட்ல உப்பு போட மாட்டாங்க," என்றார். "எண்ணெயே வேண்டாம். அங்க துருப் பிடிக்காது."

சொல்லி முடித்த பிறகுதான், இனி அந்த வண்டிக்குத் தன்னுடைய தேவை இல்லை என்பதையும் தானே சேர்த்துச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

மார்லிஸ் எழுந்திருக்கவில்லை. வெளியே மண்ணை மிதித்துக்கொண்டு கேலனின் பூட்ஸ்கள் வந்து நின்றன. நான்கு பாதங்கள் வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டோ என்னவோ, அந்தப் பூட்ஸ்கள் ஓரடி பின்வாங்கின.

"காபி ஆறுதுப்பா," என்றது குரல். "உள்ள எல்லாம் சரியா?"

மார்லிஸ் தட்டிய இடத்துக்குப் பக்கத்தில், சேஸிஸில் இருந்த ஒரு சின்னத் துளையின் விளிம்பில், இந்த வருஷம் அடித்த எண்ணெய் ஒரு சொட்டாகத் திரண்டுகொண்டிருந்தது. தேன் நிறம். கனம் கூடக் கூடக் கீழே இறங்கி, டார்ச் வெளிச்சத்தில் ஆடியது. விழுந்தால் அவர் சட்டையில் விழும், அல்லது அவள் கோட்டில் விழும். இரண்டு பேரும் அதைப் பார்த்தபடி அசையாமல் படுத்திருந்தார்கள்.