அந்த நாலு டம்ளர் தண்ணீர்

டயாலிசிஸ் வார்டில் சௌக்கத் அலி எடை மேடையில் ஏறி நின்றபோது அவர் மனைவி அஜீசா எண்ணைப் பார்க்கவில்லை. நர்ஸ் எல்சியின் முகத்தைத்தான் பார்த்தாள். எண்ணைவிட அது சீக்கிரம் சொல்லிவிடும்.

"இன்னா பாய், புழல் ஏரிய அப்பிடியே உறிஞ்சிகினு வந்துட்டியா? நாலு கிலோ ஏறிக்கீது!" என்றாள் எல்சி.

பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்தார். சௌக்கத் அலி சிரிக்கவில்லை. செருப்பின் வார் பதிந்த தடம் வீங்கிய பாதத்தில் பள்ளமாகத் தெரிய, மூச்சு வாங்கியபடி போய்ப் படுக்கையில் சாய்ந்தார்.

சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோனவருக்குக் குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லை. முதலில் அது காலில் தேங்கும், அப்புறம் நுரையீரலுக்கு ஏறும். அதனால் ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கூடும் எடை சதையுமல்ல, கொழுப்புமல்ல. ஒரு கிலோ கூடினால் உடம்பில் ஒரு லிட்டர் தண்ணீர் நிற்கிறது என்று கணக்கு. அத்தனையையும் இயந்திரம் ஒரே தடவையில் உருவி எடுக்கும்போது ரத்த அழுத்தம் சரியும், கெண்டைக்கால் முறுக்கி இழுக்கும், இதயம் தடுமாறும். போன வாரம் தடுமாறியது. "இன்னொரு தடவை இப்படி ஏறி வந்தார்னா என்னால பொறுப்பேத்துக்க முடியாதும்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நாளொன்றுக்கு முக்கால் லிட்டர். அதுதான் டாக்டர் கொடுத்த அளவு. அஜீசா காலையிலேயே அதை ஒரு பாட்டிலில் நிரப்பி அவர் கையில் கொடுத்துவிடுவாள். ஒரு சொட்டு கூடுதலாகத் தந்ததில்லை. ஆனாலும் எடை ஏறுகிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், மனுஷன் திருட்டுத்தனமாகக் குடிக்கிறார். தண்டையார்பேட்டையில் அவர்கள் வீடு ஒரு அறையும் ஒரு சமையலறையும்தான். லாரித் தண்ணீர் பிடித்து வைத்த குடங்களையெல்லாம் சமையலறைக்குள் தள்ளி, கதவில் பூட்டு போட்டு, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோர்த்துக்கொண்டாள். அடி பம்பில் வருவது உப்புத் தண்ணீர், வாயில் வைக்க முடியாது. பின்னே எங்கே போய்க் குடிக்கிறார்? டீக்கடையிலா? தொழுகைக்கு முன் கைகால் கழுவும் பள்ளிவாசல் தொட்டியிலா?

"அல்லா மேல ஆணையா நான் குடிக்கலடி. நோம்பு மாசத்துல பொய் சொல்வேனா?" என்று நேற்று அவர் கேட்டார்.

"நோம்பே வெக்காதவருக்கு இன்னா நோம்பு மாசம்?" என்று அவள் கேட்டுவிட்டாள்.

அவரோ, டிரைவர் வேலை பார்த்த காலத்தில், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் டிரெய்லரை வரிசையில் நிறுத்திவிட்டு, கொதிக்கும் கேபினில் உட்கார்ந்தபடியே ஒரு நோன்பையும் விடாதவர். இப்போது டாக்டரும் பள்ளிவாசல் ஹஸ்ரத்தும் சேர்ந்து நோன்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஊசிகள் ஏறி, இயந்திரம் ஓடத் தொடங்கியதும் டயட்டீஷியன் வினிதா ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுப் படுக்கையருகே உட்கார்ந்தாள். அஜீசாவுக்கு அவளிடம் சாப்பாட்டு யோசனை எதுவும் வேண்டியிருக்கவில்லை. படித்த பெண் ஒருத்தி நாலு கேள்வி அதட்டிக் கேட்டால் உண்மையைக் கக்கிவிடுவார் என்றுதான் அவளை வரச் சொல்லியிருந்தாள்.

"எங்க போய்க் குடிக்கிறாருன்னு நீங்களே கேளுங்க மேடம். என்னால முடியல. இவரு செத்துட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

வினிதா அதைக் கேட்கவில்லை. "நேத்து காலையில எழுந்ததுல இருந்து என்னல்லாம் சாப்பிட்டார், சொல்லுங்கம்மா. நல்லது கெட்டதுன்னு பிரிக்க வேணாம், நடந்தபடி சொல்லுங்க" என்றாள்.

"இன்னா சாப்டுவாரு? வாயெல்லாம் புண்ணு. சோறு எறங்க மாட்டேங்குது. காலையில கஞ்சி, மதியம் அதே கஞ்சி. சாயங்காலம் பள்ளிவாசல்ல நோம்புக் கஞ்சி குடுப்பாங்க, அது ஒரு கிண்ணம். இன்னைக்கும் வீட்டுக் கஞ்சிய தூக்குல கொண்டாந்துக்கீறேன், பாவம், வேற இன்னா இருக்கு அவருக்கு."

"தண்ணி?"

"அந்த பாட்டிலுதான். அதுக்கு மேல ஒரு முழுங்கு குடுக்கல."

"கஞ்சி நீங்கதான் காய்ச்சறீங்களா? எப்படிக் காய்ச்சுவீங்க?"

இதென்ன கேள்வி என்று தோன்றினாலும் அஜீசா சொன்னாள். "அரை டம்ளர் நொய்யி. நாலு டம்ளர் தண்ணி. வெந்தயம், பூண்டு, உப்பு. அடி புடிக்காம கிண்டிகினே இருக்கணும்."

"முழுசும் அவரேதான் சாப்பிடறாரா?"

"ஆமா. நான் நோம்பாச்சே."

"சரி. அந்த நாலு டம்ளர் தண்ணி எங்கம்மா போச்சு?"

அஜீசா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கஞ்சியில்தானே போயிற்று என்று சொல்ல வந்தவள், பக்கத்திலிருந்த தூக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

வினிதா அவசரப்படாமல் விளக்கினாள். "சோறு வடிக்கறப்போ மீதி தண்ணி வடிகஞ்சியா வெளிய போயிடுது. கஞ்சியில வடிக்கறதே இல்ல, கொஞ்சம் ஆவியாகும், மத்ததெல்லாம் உள்ளேயேதான் இருக்கு. கெட்டியா இருக்கறதால நமக்கு சாப்பாடுன்னு தோணுது. சாய்ச்சா ஊத்தற மாதிரி இருக்கறது எதுவா இருந்தாலும் தண்ணிக் கணக்குதான். டீ, ரசம், மோர், ஐஸ், எல்லாமே. அதுலயும் கஞ்சியில உப்பு இருக்கு, தொட்டுக்க ஊறுகா இருக்கு. உப்பு ரத்தத்துல ஏறினா மூளை தண்ணி தண்ணின்னு கேட்கும். அது இவர் ஆசையில்ல, உப்போட வேலை."

"அப்ப இவரு..."

"இவர் திருடிக் குடிச்சிருக்கணும்னு அவசியமே இல்லம்மா. ஏறின எடைக்கு இந்தக் கஞ்சியே போதும்."

அஜீசா தன் கையைப் பார்த்தாள். குடத்தைப் பூட்டிய கைதான் கரண்டியையும் பிடித்தது. தண்ணீர் தர முடியவில்லையே என்ற இரக்கத்தில் இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி என்று ஊற்றியது. அவரைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவர் கண்களை மூடிக்கொண்டிருந்தார், ஓரத்தில் ஈரம். இவ்வளவு தண்ணீர் இருக்கிற உடம்பில் கண்ணீருக்கென்ன குறை.

"கஞ்சிய நிறுத்திடுங்க. நொய்யவே குழைய வேகவெச்சு, ஊத்த முடியாத பதத்துல குடுங்க. உப்பு பாதி. ஊறுகா வேணாம். நா வறண்டா வாய் கொப்பளிச்சுத் துப்பட்டும். பாட்டில் தண்ணிய சின்னக் கப்புல குடிக்கட்டும்" என்றாள் வினிதா.

சௌக்கத் அலி முதல்முறையாகப் பேசினார். "நோம்புக் கஞ்சி?"

அவர் கேட்டது கஞ்சியை மட்டுமல்ல என்று வினிதாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு சின்னக் கப் குடிக்கலாம் பாய். ஆனா குடிக்கறதுக்கு முன்னாடி அதே கப்பால பாட்டில்ல இருந்து ஒரு கப் தண்ணிய எடுத்துடணும்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அஜீசா செய்த முதல் வேலை, சமையலறைப் பூட்டைக் கழற்றியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல், கடைசியில் அரிசி டின்னுக்குப் பின்னால் போட்டாள். "நேத்து ஒரு வார்த்தை சொல்லிட்டேன்..." என்று ஆரம்பித்தவளை அவர் கையமர்த்தினார்.

பக்கத்து வீட்டு தவ்ஃபீக் பள்ளிவாசலில் இருந்து கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சூரியன் இறங்கி மஃரிபுக்கு பாங்கு சொன்னதும் அவள் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தைக் கடித்தாள். சௌக்கத் அலி பாட்டிலைத் திறந்து, ஒரு கப் தண்ணீரை அளந்து, அதைத் திரும்பக் குடத்திலேயே ஊற்றினார். பிறகு அதே கப்பில் கஞ்சியை வாங்கிக்கொண்டு நாக்கால் தடவித் தடவிச் சாப்பிட்டார். முடிந்தது. கப்பின் அடியை விரலால் வழித்தார். அதுவும் முடிந்தது.

பாட்டிலில் மிச்சம் இருந்தது கால்வாசிதான். விடிய இன்னும் ஓர் இரவு முழுக்கக் கிடந்தது. திறந்த கதவு வழியாகக் குடங்கள் வரிசையாகத் தெரிந்தன. அவர் வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஜீசா, அந்தப் பூட்டு எங்க?"

"எதுக்கு? நான்தான் தப்பா நெனச்சிட்டேன்னு..."

"நேத்து வரைக்கும் எனக்குப் பூட்டு தேவப்படலடி. வவுறு நெறைய கஞ்சி இருந்துச்சு. நெசமான தாகம் இன்னைக்குதான் ஆரம்பிக்குது." அவர் குடங்களிலிருந்து கண்ணைப் பிடுங்கிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "போட்ரு. நான் கெஞ்சுவேன், திட்டுவேன். தொறக்காத."

அஜீசா அரிசி டின்னுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினாள். பகலெல்லாம் நோன்பிருந்தவள், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கதவைச் சாத்திப் பூட்டினாள்.