ஆகாசத்தின் கியூ கோல்

ஈரத்துணியை எடுத்துப் பார்த்தபோது கோலிலிருந்த பள்ளம் போயிருந்தது. கட்டைவிரலால் தடவினான். கோல் வழவழவென்று இருந்தது. தன் வேலையை நினைத்து மீசையை முறுக்கிக்கொண்டான்.

வீட்டில் பில்லியர்ட்ஸ் ஆட்டக் கோல்களைச் சீர்செய்யக் கற்றுக்கொண்டு ஒரு வருஷம்தான் ஆகிறது. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் படித்த வித்தை. கிளப்பில் தூக்கியெறிந்த கோல்களைக் கேட்டு வாங்கி வந்து, நுனித் தோலைப் பிய்த்துப் புதுத் தோல் ஒட்டினான். டிரில் மெஷினில் கோலைச் சுழலவிட்டு உப்புத்தாளால் கறையைத் துடைத்தான். கட்டையில் குழி விழுந்திருந்தால் ஈரத்துணி சுற்றி இஸ்திரிப் பெட்டியை வைத்தால் போதும், ஆவி ஏறிக் கட்டை உப்பிக்கொண்டு மேலே வந்துவிடும். "என் சேலைக்கு வாங்கின பெட்டியில கட்டைக்கு ஒத்தடம் குடுக்கிறீங்க. எனக்கு இடுப்பு வலின்னா மட்டும் மாத்திரை போடுன்னு சொல்றீங்க" என்பாள் மனைவி.

ஆனாலும் இந்த வேலை நடக்கும் சமையலறை மூலை அவனுக்குப் பிடித்திருந்தது. இரும்புக் கிடங்கில் கம்பிக் கட்டுகளுக்குச் சங்கிலி சுற்றிக் கிரேனில் மாட்டிவிடுகிறவன் அவன். அதனால் பெயரே கொக்கி என்றாகிவிட்டது. கிடங்கில் கை தவறினால் ஆள் காலி. இங்கே தவறினால் ஒரு கட்டை வீண், அவ்வளவுதான்.

அப்படித்தான் நினைத்திருந்தான், கிளப்காரர் போன் செய்கிறவரை.

"ஆகாசத்தோட கோல் உன்கிட்டயா இருக்கு?"

"ஆமாண்ணே. நுனித் தோல் மாத்தக் குடுத்தார், மாத்தியாச்சு. நடுவுல ஒரு குழி இருந்துச்சு, அதையும்..."

"அட பாவி! அதைத் தொட்டியா?"

"எடுத்துட்டேனே."

"அது அவரே ஆணி வெச்சுக் குத்தினதுடா. போன மாசம் ஒருத்தன் விளையாட்டுக்கு அந்தக் குழியில மெழுகை அடைச்சான், சட்டையைப் பிடிச்சு சுவத்துல சாத்திட்டார். உன் பொழப்பு அவர் கையிலதானே? பாத்துக்கோப்பா."

அவன் பிழைப்பு மட்டுமல்ல, உயிரே ஆகாசத்தின் கையில்தான் இருந்தது. ஆகாசம் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் மண்ணை மிதிப்பார். போன வருஷம் சங்கிலி மாட்டுகிற இன்னொருவன் அவரை ஏதோ கிண்டல் செய்தான். மறுநாள் ஒரு டன் கம்பி அவன் காதை உரசிக்கொண்டு போனது. அன்றைக்கே வேலையை விட்டுவிட்டான். 'ஆகாசத்துக்குக் கோபம் வந்தா இரும்புக்கும் வரும்' என்று கிடங்கில் சொல்லிக்கொள்வார்கள்.

கொக்கி ஆணி டப்பாவைத் திறந்தான். ஆணியை எடுத்துத் தானே குத்திவிடலாமா? எந்த இடத்தில்? ஒரு விரல்கடை தள்ளிப்போனாலும் கண்டுபிடித்துவிடுவாரே. ஆணியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான்.

"பேசாம உண்மையைச் சொல்லிடுங்க. உங்களைத்தான் அவருக்குப் பிடிக்குமே. எல்லாரும் மஞ்சள் ஹெல்மெட் போடுறப்ப உங்களுக்கு மட்டும் சிவப்பு வாங்கிக் குடுத்தாரே" என்றாள் மனைவி.

அது நிஜம்தான். 'நீ ராஜா மாதிரி சிவப்புல இருடா' என்று தலையில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு வீடு வரைக்கும் அதைக் கழற்றாமல் நடந்து வந்தான்.

சாயங்காலம் ஆகாசம் வந்தார். வாசல் நிலையில் தோள் இடித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். கோலைக் கையில் வாங்கியதும் நுனியைப் பார்க்கவில்லை. கட்டைவிரல் நேரே நடுப்பகுதிக்குப் போய்த் தேடியது. முன்னே போனது, பின்னே வந்தது, மறுபடி முன்னே போனது.

"அண்ணே, தெரியாம எடுத்துட்டேன். டேமேஜ்னு நினைச்சேன்." அடி விழும் என்று கொக்கி கன்னத்தைத் தயாராக வைத்திருந்தான்.

அடி விழவில்லை. ஆகாசத்தின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"மறுபடி குத்திடு. இப்பவே." குரல் கெஞ்சுவது போலிருந்தது. "அதுல விரல் பட்டாத்தான் நுனி எவ்வளவு தூரத்துல இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"நுனி கண்ணு முன்னாடிதானே அண்ணே இருக்கு?"

மனைவி டீயைக் கொண்டுவந்து நீட்டினாள். ஆகாசம் கையை நீட்டினார். கை டம்ளரைத் தாண்டி வெறும் காற்றைப் பிடித்தது. அவள் டம்ளரை நகர்த்தி அந்தக் கைக்குள் வைத்தாள். அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கொக்கி ஆணியால் குத்திக் கொடுத்தான். தடவிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். வாசலில் நின்று திரும்பினார்.

"நாளைக்கு அந்தச் சிவப்பு ஹெல்மெட்டை மறந்துடாதே. என்ன?"

கதவைச் சாத்தியதும் கொக்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். காதை உரசிய கம்பிக்குக் கோபமே கிடையாது. காது அங்கே இருப்பது மேலே இருந்தவருக்குத் தெரியவில்லை. கோலுக்கு ஒரு பள்ளம் வைத்துக்கொண்டவர், கிடங்குக்கு வைத்துக்கொண்ட பள்ளம் இவன் தலையிலிருந்த சிவப்பு ஹெல்மெட்.

"வேலைக்குப் போகாதீங்க" என்றாள் மனைவி.

"நான் போகலைன்னா வேற எவன் தலையிலயாவது சிவப்பை மாட்டுவார்டி."

"அப்ப மேனேஜர்கிட்ட சொல்லுங்க."

"ஆகாசம் அண்ணன் சோத்துல மண்ணைப் போடவா? அதுவும் நான் தப்பா நினைச்சிருந்தா?" சொல்லும்போதே டம்ளரைத் தாண்டிப்போன அந்தக் கை கண்ணுக்குள் வந்தது.

காலையில் கிடங்கில் சிவப்பு ஹெல்மெட்டைக் கழற்றி ஆள் உயர இரும்புத் தூண் ஒன்றின் தலையில் கவிழ்த்தான். பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டான். யாரோ வைத்துவிட்டுப் போன மஞ்சளை எடுத்துப் போட்டுக்கொண்டு, லாரி ஓரம் ஒதுங்கி நின்றான். எதற்கும் கையசைக்கவில்லை. கிரேனின் வெறும் கொக்கிதானே இறங்கும், சுமை இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கிரேன் திரும்பியது. அதன் இரும்புக் கொக்கி மெதுவாக, தாய் பிள்ளையைக் கிடத்துவது போல இறங்கி, தூணுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"மாட்டுடா!" மேலேயிருந்து குரல் வந்தது. "என்னடா ராஜா, தூங்குறியா? மாட்டு!"

சுமை இறக்குகிறவர்கள் ஒவ்வொருவராக வேலையை நிறுத்திவிட்டுத் தூணைப் பார்த்தார்கள், பிறகு மேலே பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

கொக்கி கிரேனின் ஏணியைப் பிடித்தான். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அதில் ஏறியதில்லை. வியர்வையில் கை வழுக்கியது. கீழே பார்க்காமல் ஏறினான். கிரேன் கூண்டின் கம்பியைப் பிடித்து அவன் நின்றபோது ஆகாசம் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினார்.

"யாரது?"

"நான்தான் அண்ணே, கொக்கி. வாங்க, கீழ இறங்கிடலாம். நான் பிடிச்சுக்கிறேன்."

ஆகாசம் குனிந்து கீழே தூணிலிருந்த அந்தச் சிவப்பையே பார்த்தார்.

"கொக்கி கீழ நிக்கிறானேடா" என்றார்.