மூலம்: குறைந்தது ஐந்து

1

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. அந்தச் சொல்லைத் தந்தது யார் என்பதை இடம் வரும்போது சொல்கிறேன். இப்போதைக்கு வாய் வரவில்லை.

2

கல்லூரி நூலகத்தின் ஜன்னல் வழியே மாலை வெயில்…

(வேண்டாம். அந்த நூலகத்தில் ஜன்னலே இல்லை. டியூப்லைட்தான், அதிலும் ஒன்று கண் சிமிட்டும்.)

3

நூலகர் என் அக்கா. அவள் கல்லூரி இணையதளத்தில் பாடத்துக்கு ஒன்றாக முப்பத்தெட்டு ஆய்வு வழிகாட்டிகள் இருந்தன. கட்டுரை எழுதும் மாணவர்கள் எதை, எங்கே தேடுவது என்று சொல்லும் பக்கங்கள். ஒன்றில் 'ஆதாரம்', இன்னொன்றில் 'சோர்ஸ்', மற்றொன்றில் 'எங்கே தேடுவது?' என்று ஆளுக்கொரு வார்த்தை. இரண்டு பாடம் படிக்கிற பிள்ளைகள் திண்டாடினார்கள். அக்கா ஒரு வருடம் மாங்கு மாங்கென்று உழைத்து எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கினாள். எல்லாப் பக்கத்திலும் ஒரே தலைப்பு: 'மூலம்: குறைந்தது ஐந்து'.

4

முதலாண்டு நர்சிங் மாணவி ஒருத்திக்குக் கிடைத்த தலைப்பு 'நோயாளியின் தூக்கம்'. வழிகாட்டியைத் திறந்து படித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய் ஐந்து மூலநோயாளிகளைத் தேடிப் பிடித்தாள்.

(நான் சிரித்தேன். அதற்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.)

பேராசிரியை பூஜ்யம் போட்டார். மாணவி நேரே அக்காவிடம் வந்தாள்.

"மூலம்னு போட்டிருந்துச்சு மேடம். நர்சிங் பக்கத்துல வேற என்னன்னு நினைக்கிறது?"

"சோர்ஸ்மா. புத்தகம், கட்டுரை, அந்த மாதிரி."

"அப்ப சோர்ஸ்னே போட்டிருக்கலாமே மேடம்?"



5

முதல் வரைவில் மாணவியை மக்காக எழுதினேன். கதைக்கு அது வசதி. பிறகு அவள் கட்டுரையை அக்கா படிக்கத் தந்தாள். மல்லாந்து படுக்க முடியாதவர்கள் எப்படிப் புரள்கிறார்கள், எந்தத் தலையணையை எங்கே வைக்கிறார்கள் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். மூன்றாவது நோயாளி மனைவியிடம்கூடச் சொல்லாததை இவளிடம் சொல்லியிருக்கிறார். ஐந்து புத்தகம் புரட்டியிருந்தால் இது கிடைத்திருக்குமா? அவள் கற்றுக்கொண்டாளா, இல்லையா? எனக்குத் தலை சுற்றுகிறது. அக்காவுக்கும்தான்.

6

நூலகத்தின் தவறு என்று எழுத்தில் தந்தால் மறுபடி எழுத விடுவதாகப் பேராசிரியை சொல்லி ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். அதில் ஒரே கேள்வி: 'இத்தவறு யார் மூலம் நேர்ந்தது?'

(பாருங்கள், அங்கேயும் வந்து நிற்கிறது.)

நாளைக்குக் கடைசி நாள். படிவம் நூலகக் குழுவுக்கும் போகும்.

முடிவு அ: அக்கா தன் பெயரை எழுதுகிறாள். குழு முப்பத்தெட்டுப் பக்கத்தையும் பழையபடி மாற்றச் சொல்கிறது.

முடிவு ஆ: யாரும் எழுதவில்லை. பூஜ்யம் பூஜ்யமாகவே நிற்கிறது.

முடிவு இ:

7

சரி, சொல்லிவிடுகிறேன். "சோர்ஸெல்லாம் வேணாம்க்கா, மூலம்னு போடு, கம்பீரமா இருக்கும்" என்றது நான்தான். அடுத்த வாரம் அதே கல்லூரியில் சொல்லைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று நான் பேசப்போகிறேன். நோட்டீஸ்கூட ஒட்டிவிட்டார்கள். வெட்கமாக இருக்கிறது.

முடிவை வாசகரிடமே விடுகிறேன் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். இதையும் இன்னொருவர் தலையில் கட்டுவதா?

படிவம் என் மேசையில் இருக்கிறது. அக்காதான் வைத்துவிட்டுப் போனாள். இப்போது சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறாள்.

"எழுதிட்டியாடா?"

கதையைக் கேட்கிறாளா, படிவத்தையா?

"இன்னும் ஒரு வார்த்தைதான்க்கா" என்கிறேன்.