அடுத்த கடை வாசல்

எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மாவின் சைக்கிள் பதினொரு மாதமாகப் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா போர்வையை விலக்குவாள். இரண்டு சக்கரங்களுக்கும் காற்றடிப்பாள். மணியை ஒரு முறை அடித்துப் பார்த்துவிட்டு மறுபடி போர்த்திவிடுவாள். ஓட்ட மாட்டாள்.

அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். பதினாறு வருடம் கடைத்தெரு வழியாக சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தாள். ஒரு மாலை, நின்றிருந்த கார் ஒன்றின் கதவு சட்டென்று திறந்தது. விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு இரண்டு மாதத்தில் கூடிவிட்டது. அவளுக்கும் அந்தத் தெருவுக்கும்தான் கூடவில்லை. இப்போது நடக்கிறாள். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. "நடந்தா உடம்புக்கு நல்லதுதானே" என்பாள், பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே.

நான் நகராட்சியின் போக்குவரத்துப் பிரிவில் தற்காலிக ஊழியர். இயற்பியல் படித்தவள். வேலை, எண்ணுவது. தெருவில் போகிறவை எத்தனை, நிற்கிறவை எவ்வளவு நேரம். எனக்குப் பிடித்த வேலைதான். யாரோடும் பேச வேண்டியதில்லை.

கடைத்தெருவில் சைக்கிளுக்குத் தனிப் பாதை போடலாம் என்று எங்கள் பிரிவு ஒரு வரைவு போட்டது. அதற்குத் தெருவின் ஒரு பக்கத்தில் கார் நிறுத்தும் இருபத்துநான்கு இடங்களை எடுத்துவிட வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். அதில் வியாபாரிகள் சங்கம் ஒட்டுமொத்தமாக எதிர்த்தால் வரைவு அலமாரிக்குள் போய்விடும். போன முறையும் அப்படித்தான் போனது.

அம்மாவிடம் சொன்னேன். "தனி வழி விட்டாங்கன்னா அன்னைக்கே எடுத்துடுவேன்" என்றாள். கண் போர்வை மேல் இருந்தது.

வியாபாரிகள் சங்கத்தின் தலைவர் என் மாமா. அம்மாவுடன் பிறந்த தம்பி. பெயின்ட் கடை வைத்திருக்கிறார்.

இதை எங்கள் பிரிவின் தலைவரான பொறியாளர் அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். ஒரு பக்கம் மாமா, ஒரு பக்கம் அம்மா, இந்தக் கணக்கை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நம்பருக்கு மாமன் மச்சான் கிடையாது. போய் எண்ணு."

மூன்று நாள் எண்ணினேன். காலை எட்டு மணி முதல் இரவு எட்டு வரை, அரை மணிக்கு ஒரு முறை தெருவை முனையிலிருந்து முனைக்கு நடந்து, ஒவ்வொரு இடத்திலும் நிற்கும் வண்டியின் கடைசி நான்கு எண்களைக் குறிக்க வேண்டும். அதே வண்டி நின்றால் ஒரு புள்ளி வைத்தால் போதும். முதல் நாள் முடிவில் என் தாளில் எண்களைவிடப் புள்ளிகள்தான் அதிகம். பதினோராம் இடத்தில், கண்ணாடிக் கடை வாசலில், 4172. எட்டரைக்கு வந்தது, கடைசி நடை வரை புள்ளி. அந்த வண்டியை எனக்குத் தெரியும். மாவுக்கட்டைப் பிரிக்க அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் என்னை நேர்முகத் தேர்வுக்குக் கொண்டுபோய் விட்டதும் அதுதான்.

மாமா தன் வாசலில் நிறுத்தாமல் ஏன் அங்கே நிறுத்துகிறார் என்று பார்ப்பதற்காக, மூன்றாம் நாள் கடைகள் ஷட்டர் இறக்கும் நேரத்தில் விளக்குக் கம்பத்தின் அருகே நின்றேன். ஒவ்வொருவராகப் பூட்டிவிட்டு வண்டியை நோக்கிப் போனார்கள். மாமா, கண்ணாடிக் கடை வாசலுக்கு. கண்ணாடிக் கடைக்காரர், செருப்புக் கடை வாசலுக்கு. எல்லாருக்கும் கடைசியாக மூடும் செருப்புக் கடைக்காரர், மாமாவின் கடை வாசலுக்கு. தெரு முழுக்க இதே கதை. வாடிக்கையாளருக்கு இடம் வேண்டுமென்று அவரவர் தன் வாசலைக் காலியாக விட்டு, வண்டியை அடுத்தவர் வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். இது தன் ஒருவனுடைய சாமர்த்தியம் என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு.

இருபத்துநான்கில் பதினேழு.

தாளைப் பார்த்த பொறியாளர் அம்மா அன்றுதான் என் முன்னால் முதல் முறையாகச் சிரித்தார். பிறகு இரண்டு விஷயம் சொன்னார். வண்டி எண்ணையோ ஆளையோ வெளியே சொல்லக் கூடாது. கூட்டத்தில் கணக்கை நான்தான் படிக்க வேண்டும். அது எங்கள் பிரிவின் வழக்கம். எண்ணியவர்தான் சொல்ல வேண்டும், சந்தேகம் கேட்டால் பதிலும் அவர்தான். கல்லூரியில் வருகைப் பதிவுக்கு "உள்ளேன்" என்று சொல்வதே என்னுடைய அதிகபட்சப் பேச்சு.

ஞாயிறு மதியம் மாமா வீட்டுக்கு வந்தார். முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடலாம், சபையில் அவருக்குத் தலைகுனிவு வேண்டாம் என்று நினைத்தேன். இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் அவர் தன் கடை வாசலில் எவனோ ஒருவன் காலையில் வண்டியைக் கொண்டுவந்து சொருகிவிட்டுப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"மருமகளே, தெருவுல நின்னு எண்ணுனியாமே? நம்ம சங்கத்துக்குப் பாதகமா எதையும் எண்ணிடலியே?"

"எண்ணுறவ மேல என்னடா குத்தம். நின்னா எண்ணத்தான் செய்வா" என்றாள் அம்மா.

"ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க." என் தலையில் செல்லமாக ஒரு தட்டு. பிறகு போர்வையைப் பார்த்தார். "அக்கா, இதை வித்துடேன். தினம் நான் கார்ல கொண்டுபோய் விடறேன்."

"எனக்கு ஏழு மணி ஷிப்டு. நீ ஏழு மணிக்கு முழிச்சதா சரித்திரமே இல்லையேடா."

எல்லாரும் சிரித்தோம். மூன்றாவது முறை நான் வாயைத் திறக்கவில்லை.

கூட்டம் புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, கடைத்தெருவை ஒட்டிய பள்ளிக்கூடத்தின் அறை ஒன்றில். அங்கே இருந்ததெல்லாம் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகள். தெருவையே ஆட்டிவைக்கிற வியாபாரிகள் முழங்கால் மோவாயில் இடிக்க வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடு மேசையில் தெருவின் வரைபடம், ஓர் ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கு. பக்கத்தில் வட்ட ஸ்டிக்கர்கள். பாதை வேண்டும் என்றால் பச்சை, சைக்கிளோடு விழுந்த இடம் என்றால் சிவப்பு. நீலமும் ஒரு கட்டு வந்திருந்தது. எதற்கென்று யாரும் யோசிக்கவில்லை. அம்மா அரை நாள் விடுப்பு எடுத்து வந்து, யாரும் வருமுன்பே ஒரு சிவப்பை ஒட்டிவிட்டு, கடைசி பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் மாமா பேசினார். நன்றாகப் பேசுவார். மக்கள் வருவதே நிறுத்த இடம் இருக்கிறது என்றுதான், அதையும் எடுத்தால் வியாபாரிகள் ஈ ஓட்ட வேண்டியதுதான், வயிற்றில் அடிக்காதீர்கள் என்றார். இப்போதே இடம் போதவில்லை, பகலில் என்றாவது ஒரு வாசல் காலியாக இருந்து பார்த்ததுண்டா என்று கேட்டார். பெஞ்சுகள் கிறீச்சிடக் கைதட்டல்.

பிறகு நான். தாளை மட்டும் பார்த்துப் படித்தேன். இருபத்துநான்கு இடம். மூன்று நாளும் அவற்றில் பதினேழு வண்டிகள் காலை எட்டரை வாக்கில் வருகின்றன, கடை அடைக்கும்போதுதான் நகர்கின்றன. வந்து போகிற வாடிக்கையாளருக்கு மிஞ்சுவது ஏழு.

எல்லாருக்கும் கோபம் வந்தது. என் மீது அல்ல.

"பதினேழா?" மாமா எழுந்தே விட்டார். "நாள் பூரா நம்ம வாசலை அடைச்சிட்டு நிக்கிறவன் எவன்னு சொல்லு. இன்னைக்கே ஒரு கை பாத்துடறோம்."

"ஆமா, அவங்க வண்டிய மொதல்ல எடுங்க" என்றார் செருப்புக் கடைக்காரர். கண்ணாடிக் கடைக்காரர், மென்மையான மனிதர், அவரும் தலையாட்டினார்.

பொறியாளர் அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. எண்ணியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆளைச் சொல்லக் கூடாது. பொய்யும் சொல்லக் கூடாது. மேசையில் நீல ஸ்டிக்கர் கட்டு கண்ணில் பட்டது.

"ஒரு சின்ன உதவி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "இன்னைக்குக் கடைக்குக் கார்ல வந்தவங்க ஒவ்வொரு நீலம் எடுத்துக்குங்க. இப்ப உங்க வண்டி நிக்கிற இடத்துல ஒட்டுங்க. அந்தப் பதினேழு யாருன்னு தெரிஞ்சுடும்."

இதிலென்ன என்று வந்தார்கள். முதலில் செருப்புக் கடைக்காரர். பெயின்ட் கடை வாசலில் ஒட்டினார். மாமா எட்டிப் பார்த்தார்.

"யோவ். அந்தச் சாம்பல் வண்டி உம்முதா? என் வாசல்லயா நிறுத்துற?"

"என் வாசல் காலியா இருக்கணும்ல தலைவரே. நாலு பேர் வர்ற எடம்."

"அப்ப என் கடைக்கு வர்றவன் ஆகாசத்துலயா நிறுத்துவான்?"

"ஏன் என்னைக் கேக்குறீங்க. என் வாசல்ல மூணு வருஷமா ஒருத்தன் நிறுத்துறான். அவனத்தான் நானும் தேடுறேன்."

கண்ணாடிக் கடைக்காரர் நீல ஸ்டிக்கரை விரல் நுனியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். பிறகு, மன்னிப்புக் கேட்பவர் போல, செருப்புக் கடை வாசலில் ஒட்டினார்.

மேசையைச் சுற்றி முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. நீலம் ஒவ்வொன்றாக விழ விழச் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. ஒருவரை ஒருவர் முதுகில் தட்டி, "நீயுமா" என்று கேட்டுக்கொண்டார்கள்.

கடைசியாக மாமா. கண்ணாடிக் கடை வாசல், பதினோராம் இடம். ஸ்டிக்கரோடு குனிந்தவர் நின்றுவிட்டார். அங்கே ஏற்கெனவே ஒரு சிவப்பு இருந்தது. நீலத்தை ஒட்டினால் அது பாதி மறையும்.

"இங்க விழுந்தது யாரு?"

"நான்தான்டா" என்றாள் அம்மா கடைசி பெஞ்சிலிருந்து.

மாமா திரும்பினார். "அக்கா, அன்னைக்கு என் வண்டி சர்வீஸ்ல இருந்துச்சு. சத்தியமா."

"உன் கதவுன்னு யாருடா சொன்னா. எடத்தத்தான் ஒட்டுனேன்."

மாமா கையிலிருந்த நீலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வரைபடத்தில் கண்ணை ஓட்டி, கடைத்தெருவுக்குப் பின்னால் மூடிக் கிடக்கும் அச்சகத்தின் முற்றத்தைத் தொட்டார். நடந்தால் ஐந்து நிமிடம். அது கிடைக்குமா என்று பொறியாளர் அம்மாவைக் கேட்டார். போன மாதமே உரிமையாளரிடம் பேசி வைத்தாயிற்று என்றார் அவர். மாமா நீலத்தை அந்த முற்றத்தில் ஒட்டினார்.

"நம்ம வண்டி எல்லாம் இங்க. பாதை மூணு மாசம் போட்டுப் பாக்கட்டும்." பெஞ்சுகளைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், தாழ்ந்த குரலில்: "சங்கம்தான் முன்மொழிஞ்சதுன்னு எழுது."

எழுதினேன்.

தரையில் பூசிய பச்சை வண்ணம் காய்ந்து பாதை திறந்த முதல் நாள், காலை ஆறரைக்கே கையில் எண்ணும் கருவியோடு விளக்குக் கம்பத்தின் கீழ் நின்றேன். கட்டைவிரலால் ஒரு முறை அழுத்தினால் ஒரு சைக்கிள். தெருவில் எல்லாக் கடையும் பூட்டியிருக்க, பெயின்ட் கடை ஷட்டர் மட்டும் பாதி ஏறியிருந்தது. மாமா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாதையில் ஒதுங்கப் பார்த்த ஒரு வேனை அதட்டி ஓட்டிவிட்டார். கண் முழுக்கத் தூக்கம்.

ஆறே முக்காலுக்கு மணிச் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த மணி. அம்மா முனை திரும்பி வந்தாள். முதுகு நேராக, கைப்பை முன்கூடையில். பதினோராம் இடம் வந்தபோது வேகம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

"பாத்துப் போ அக்கா."

"என்னடா, முழிச்சிட்டியா?"

நிற்காமல் கேட்டுவிட்டுப் போனாள். என்னைப் பார்த்து மணியை இன்னொரு முறை அடித்தாள். தேவையே இல்லை, அவள் முன்னால் யாருமில்லை.

கருவியைப் பார்த்தேன். அம்மாவுக்கு இரண்டு முறை அழுத்தியிருந்தேன். அன்று மாலை கணக்கை எழுதும்போது ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் எழுதினேன்.